ஓதம் ஏறும் ஊரில் போட்டோவுக்குப் பிரேம்

பிரேம் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது, சுவர் முழுக்க மாட்டி வைத்திருக்கும் மூலைத் துண்டுகள்தான். தங்க நிறம், வெள்ளி நிறம், ரோஸ்வுட் மாதிரி பாலிஷ் போட்டது, கொடி போட்டது. "எந்த டிசைன் போடலாம்?" என்று கேட்பார்கள். அரை மணி நேரம் அதையே மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கைகாட்டி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். சமவெளியில் இது போதுமாக இருக்கலாம். நீலகிரியில் டிசைன் கேள்வி கடைசியாக வர வேண்டியது. இங்கே போட்டோவைக் கெடுப்பது ஓதம், சுவரிலும் காற்றிலும் ஊறும் ஈரம். ஓதத்தோடு மல்லுக்கட்டுவது முன்னால் தெரியும் சட்டமல்ல, அதற்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் அட்டையும் பலகையும்தான். காசை அங்கே போட வேண்டும்.

நான் குன்னூரில் ஆசிரியை. லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரன்னிமேடு பக்கம் மலை ரயில், ஜனவரியில் தலைகுந்தா உறைபனி, சோலைக்காட்டுப் பறவைகள் என்று எடுத்ததில் பிடித்ததை மட்டும் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டுவது வழக்கம். எங்கள் வீடு தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கிறது. ஊட்டி, கூடலூர் பக்கத்தை ஜூன் மாதத்திலிருந்து தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது. மழை இல்லாத நாளில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹாலில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். நவம்பரில் அது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நாள்கணக்கில் அடம்பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆவணக் காப்பகங்களில் புகைப்படங்களை 30 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அது பிப்ரவரி, மார்ச்சில் கிடைத்தால் உண்டு.

மலையில் ஒரு பிரேம் எப்படிக் கெடுகிறது என்று தெரிய வேண்டுமானால், பழைய பிரேம் ஒன்றைப் பின்பக்கமாகத் திறந்து பார்ப்பதே நல்ல பாடம். அத்தையின் கல்யாண போட்டோ ஒன்று, என் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன், ஹாலின் வெளிச்சுவரில் பல வருஷமாகத் தொங்கியது. அதைக் கழற்றி மார்க்கெட் பக்கமுள்ள கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மேசையில் பழைய கம்பளியை விரித்து, பிரேமைக் குப்புறக் கவிழ்த்தார். மேலே ஒட்டியிருந்த காக்கிக் காகிதம் விரல் பட்டதும் பொடிந்தது. சிறு ஆணிகள் துருப்பிடித்து, பிடுங்கும்போது தலை மட்டும் கையோடு வந்தது. அடுத்து ஹார்டுபோர்டு. ஓதத்தில் ஊறி நடுவில் உப்பியிருந்தது. அதற்குக் கீழே இடைவெளியை அடைக்க யாரோ மடித்து வைத்த செய்தித்தாள், பழுப்பேறிப் போய். ஒரு மூலையில் மண் நிறத்தில் பொடி. பாய் அதை ஊதினார். வெள்ளியாக மின்னிக்கொண்டு ஒரு பூச்சி ஓடியது. "ராமபாணம், டீச்சர். பசையும் தின்னும், படத்தையும் தின்னும்."

அது உண்மைதான். போட்டோ காகிதத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டினும் மாவுப் பசையும் விருந்து. ஆனால் அன்று பார்த்ததில் பெரிய சேதம் பூச்சியால் வந்ததில்லை. பிரேமைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தபோது, அத்தையின் புடவைத் தலைப்பு இருந்த இடத்தில், ஈரம் பட்டதுபோலப் பளபளப்பாக ஒரு திட்டு. போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி இளகும், கண்ணாடியில் படிந்து பிறகு காயும், அதோடு பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். பாய் கத்தியை எடுக்கப் போனார், வேண்டாம் என்றேன். இந்த மாதிரி ஒட்டிய படத்தைப் பிரிக்கக் கூடாது. கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்தோ கேமராவில் எடுத்தோ நகல் வைத்துக்கொண்டு, அசலைக் கண்ணாடியோடு தட்டையாகப் பத்திரப்படுத்துவதுதான் வழி. பிரிக்கத் தெரிந்தவர்கள் காகிதப் பாதுகாப்பு நிபுணர்கள்தான். வீட்டில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது விபரீதம்.

சரி, கண்ணாடியும் படமும் தொடாமல் இருக்க என்ன செய்வது? இரண்டு வழி. படத்தின் ஓரம் வரை கண்ணாடிக்குள் தெரிய வேண்டுமென்றால், காடிக்குள், அதாவது சட்டத்தின் உள்ளோரத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்குள், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் பட்டி வைத்து இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மவுண்ட், அதாவது நடுவில் ஜன்னல் வெட்டிய தடித்த அட்டை. அது அழகுக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அழகு கூடுவது உண்மைதான், ஆனால் அதன் முதல் வேலை கண்ணாடியைப் படத்திலிருந்து தள்ளி நிறுத்துவது. சாதாரண மவுண்ட் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். பெரிய பிரிண்ட் ஓதத்தில் லேசாக அலை அடிக்கும், அப்போது அந்த இடைவெளி போதாது. 16க்கு 24 இஞ்சுக்கு மேல் போனால் இரண்டு மடங்கு கனமுள்ள அட்டை வாங்குவேன், அல்லது மவுண்டுக்கு அடியில் ஓரமாகப் பட்டி கொடுக்கச் சொல்வேன்.

மவுண்ட் அட்டையில்தான் கடைகளில் அதிகம் ஏமாறுகிறோம். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவருக்கு வருகிற சரக்கே அப்படி. மரக்கூழில் செய்த மலிவு அட்டையில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது, நாளாக ஆக அமிலம் கக்கும். பழைய பிரேம்களில் ஜன்னல் வெட்டின் சாய்வான ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தது பிஸ்கட் நிறமாக மாறியிருக்கும், அதே நிறத்தில் ஒரு கோடு படத்தைச் சுற்றியும் விழுந்திருக்கும். ஈரம் இருந்தால் அந்தச் சேதம் இன்னும் வேகமாக நடக்கும். வாங்க வேண்டியது அமிலமற்ற அட்டை. முடிந்தால் முழுக்கப் பருத்தியில் செய்தது. 'ஆசிட் ஃப்ரீ' என்று எழுதியிருந்தாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிலவற்றில் மேல்தாள் மட்டும் நல்லதாக இருக்கும், உள்சதை அதே மரக்கூழ். ஒரு துண்டு கேட்டு வாங்கி, குறுக்கே வெட்டி, உள்ளே, அமிலத்தை நிறத்தால் காட்டும் பி.எச். பேனாவால் ஒரு கோடு இழுத்தால் தெரிந்துவிடும். ஊதா நிறமானால் நல்ல அட்டை, மஞ்சளாகவே நின்றால் அமிலம் இருக்கிறது. புகைப்படத்தோடு வைக்கத் தகுந்ததா என்று சோதிக்கத் தனியாக ஒரு தரமே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 18916. ஆன்லைனில் அட்டை வாங்கும்போது அந்த எண்ணோ, அந்தச் சோதனையில் தேறியது என்ற வாசகமோ இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அப்புறம் ஒட்டுவது. பாயோடு எனக்கு நடந்த பெரிய வாக்குவாதம் இதில்தான்.

"ஒட்டாம விட்டா படம் சரிஞ்சு எறங்கிடும், டீச்சர். போர்டுல முழுசா பேஸ்ட் பண்ணிடறேன். கல்லு மாதிரி நிக்கும்."

"மழைக்காலத்துல பேப்பர் நீளும் பாய், வெயில்ல சுருங்கும். அது நகர எடம் வேணும்."

"நாப்பது வருஷமா சாமி படம் அப்படித்தான் போடறேன். ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல."

சாமி படம் அச்சுத் தாள், கெட்டால் அதே படத்தை வேறு வாங்கிக்கொள்ளலாம். நான் கொண்டுபோனது பிக்மென்ட் இங்க்கில், அதாவது நிறத்துகள் கலந்த மையில், பருத்திக் காகிதத்தில் போட்ட பிரிண்ட். அதை, மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப். பலகையில் முழுசாக ஒட்டினால், ஓதத்தில் பலகை ஓரம் உப்பும்போது படமும் சேர்ந்து புடைக்கும், திரும்பப் பிரிக்க வழியே கிடையாது. லேமினேஷன் செய்து பலகையில் ஒட்டித் தரும் ஸ்டூடியோ வேலையும் இதே வகைதான். கல்யாண மண்டப வாசலில் ஒரு நாள் வைக்க நன்றாக இருக்கும், அதோடு சரி.

கடைசியில் உடன்பாடு இப்படி: படத்தின் நான்கு மூலைகளையும் அமிலமற்ற காகிதத்தில் மடித்த முக்கோண உறைகளில் செருகி, உறையை மட்டும் பின் அட்டையில் ஒட்டுவது. பழைய ஆல்பத்தில் போட்டோ செருகுவோமே, அதேதான். படத்தில் பசையே படாது. கனமான பெரிய பிரிண்டுக்கு மூலை போதாது. அதற்கு மேல்விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டை, கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையால் ஒட்டித் தொங்கவிடுவார்கள். கீழ்ப்பக்கம் சும்மா இருக்கும். செல்லோடேப்பும் இரண்டு பக்கம் ஒட்டும் டேப்பும் எந்த நிலையிலும் படத்தைத் தொடக் கூடாது. டேப்பின் பசை ஊறிக் காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் எடுக்க முடியாது. இதையெல்லாம் நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லச் சொல்ல பாய் ஒரு மாதிரிதான் பார்த்தார். மூலை உறையை மடித்துக் காட்டியதும் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னைவிட நேர்த்தியாக நான்கு மடித்துக் கொடுத்தார்.

பின்பலகைக்கு ஹார்டுபோர்டு வேண்டாம் என்றதும் சன்போர்டு போடலாம் என்பார்கள். அது பெரும்பாலும் பி.வி.சி. ஓதம் ஏறாது, ஆனால் பி.வி.சி. நாளடைவில் வெளியிடும் வாயு புகைப்படத்துக்கு ஆகாது. நான் போடுவது பாலிபுரொப்பிலீன் நெளிதகடு. மனை விற்பனை விளம்பரத் தட்டிகளில் வருமே, உள்ளே குழல் குழலாக, அது. எடை கிடையாது, தண்ணீர் ஏறாது, அமிலமும் இல்லை. அச்சு எதுவும் இல்லாத வெள்ளைத் தகடு விளம்பரத் தட்டி செய்பவர்களிடமே கிடைக்கும். படத்துக்கும் இந்தத் தகடுக்கும் நடுவில் மவுண்ட் போலவே இன்னொரு நல்ல அட்டை கட்டாயம் வேண்டும். அந்த அட்டை கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொண்டு மெல்ல விடும், படம் தப்பிக்கும்.

இத்தனையும் அடுக்கியபின் கண்ணாடி, மவுண்ட், படம், அட்டை, தகடு எல்லாவற்றையும் சேர்த்து நான்கு பக்க ஓரத்தையும் டேப் போட்டு மூடி, அப்படியே ஒரு பொட்டலமாகச் சட்டத்துக்குள் இறக்குவது நல்ல முறை. தூசியும் ராமபாணமும் நுழையாது, வெளியே ஈரம் ஏறினாலும் உள்ளே ஏற நாளாகும். ஆனால் மலையில் இதற்கு ஒரு கண்டிஷன் உண்டு. எந்த நாளில் மூடுகிறோமோ அந்த நாளின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். காகிதமும் அட்டையும் நவம்பர் மழையில் ஊறியிருக்கும்போது மூடினால், இரவுக் குளிரில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். அதனால் என் பிரிண்ட் எதையும் ஜூலையிலோ ஐப்பசியிலோ பிரேம் போடக் கொடுப்பதில்லை. அட்டை, பிரிண்ட் எல்லாவற்றையும் பிப்ரவரி, மார்ச்சில் வெயில் நேராக விழாத உலர்ந்த அறையில் சில நாள் விரித்து வைத்திருந்து, அப்புறம் கடைக்குக் கொண்டுபோகிறேன். தீபாவளிக்குப் பரிசு கொடுக்க வேண்டுமென்றாலும் பிரேம் வேலை மாசி, பங்குனியிலேயே முடிந்துவிடும். உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நிரம்பியதும் வேலை நின்றுவிடும், யார் திறந்து மாற்றுவது? அதை நம்ப வேண்டாம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி சிந்தடிக், கடைக்காரர்கள் ஃபைபர் என்பார்கள். பாலிஸ்டைரீனில் வார்த்தது. கேலி செய்ய வேண்டாம், ஓதத்தில் உப்பாது, ராமபாணம் தொடாது, விலையும் குறைவு. சின்னப் படத்துக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. நீளமான பக்கம் இரண்டு அடியைத் தாண்டினால் கண்ணாடியின் எடையில் நடுவில் தொய்யும், மூலை பிளக்கும். மரத்தில் நல்ல தேக்கு பிரச்சினை தராது. எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும், ரேகையும் அழகு. நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். பச்சை மரம் ஒரு வருஷத்துக்குள் முறுக்கிக்கொள்ளும்.

மரச் சட்டத்தின் தரத்தை மூலையில் பார்க்கலாம். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. அதனால் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்த மூலை, மழையில் வெளிமுனையில் வாய் திறக்கும். காய்ந்த காலத்தில் உள்முனையில் திறக்கும். கோடையில் கோயமுத்தூரில் செய்து மேலே கொண்டுவந்த பிரேம் ஐப்பசியில் வெளிமுனை விரிந்து நிற்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அகலமான சட்டத்தில் இது அதிகம் தெரியும், ஒல்லியான சட்டத்தில் கண்ணுக்கே படாது. மலையில் ஒல்லிச் சட்டம் நல்லது என்று நான் சொல்வதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. முடிந்தவரை சட்டமும் கண்ணாடியும் ஊரிலேயே வெட்ட வைப்பேன். மரம் ஏற்கெனவே நம் காற்றுக்குப் பழகியிருக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் மடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வரவும் வேண்டாம். காடிக்கும் கண்ணாடிக்கும் இடையே மொத்தம் 3 மில்லிமீட்டராவது விளையாட்டு இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இறுக்கமாக அடித்து இறக்கினால், மரம் அசையும்போது கண்ணாடி விரிசல் விடும்.

காடியின் ஆழத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி 2 மில்லிமீட்டர், மவுண்டும் பின் அட்டையும் சேர்ந்து 3, தகடு 3 அல்லது 4. படத்தையும் சேர்த்தால் 9 வந்துவிடும். கடையில் தொங்கும் பாதி டிசைன்களில் அவ்வளவு ஆழம் கிடையாது. பின்பக்கம் பிதுங்கிக்கொண்டு, ஆணியை வளைத்து அமுக்கி அனுப்பிவிடுவார்கள்.

கண்ணாடியைப் பொறுத்தவரை ஒரு விஷயம் மலைக்கே உரியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, குன்னூரும் 1,800 மீட்டரைத் தாண்டும். குளிர்கிறது என்பதால் வெயிலில் வீரியம் இல்லை என்று நினைக்கிறோம், ஜனவரி வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற முகத்தைக் கேட்டால் தெரியும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். புற ஊதாவை 99 சதவீதம் வரை தடுக்கும் கண்ணாடியும் அக்ரிலிக்கும் கிடைக்கின்றன, விலை பல மடங்கு. எல்லாப் படத்துக்கும் அது தேவையில்லை. ஜன்னலுக்கு எதிரே தொங்கும் படத்துக்கும், சீக்கிரம் வெளிறும் சாய மையான டை இங்க்கில் போட்ட பிரிண்டுக்கும் தேவை. இல்லை, படத்தையே ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றிவிடலாம், செலவே இல்லை. நேர் வெயில் விழும் இடத்தில் எந்தக் கண்ணாடி போட்டும் பயனில்லை.

பிரதிபலிப்பு இன்னொரு தொல்லை. மேகமூட்டத்தில் ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருக்கும், கருப்பு வெள்ளைப் படத்தின் முன் நின்றால் நம் முகமும் ஜன்னலும்தான் தெரியும். இதற்குக் கடையில் 'நான் கிளேர்' என்று சொரசொரப்பான கண்ணாடியைக் காட்டுவார்கள். அதைப் படத்தோடு ஒட்டி வைத்தால்தான் தெளிவாகத் தெரியும், மவுண்ட் போட்டுத் தள்ளி வைத்தால் கண்ணாடிக்குள்ளேயே மூடுபனி இறங்கியதுபோல் இருக்கும். நாம் தள்ளி வைக்கத்தானே இத்தனை பாடுபடுகிறோம். பூச்சு போட்ட எதிரொளி தடுப்புக் கண்ணாடி வேறு சரக்கு. சாதாரணக் கண்ணாடி இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் என்றால், இது 1 சதவீதத்துக்கும் கீழே. வீட்டில் ஒரே ஒரு படத்துக்குத்தான் அதைப் போட்டிருக்கிறேன். பெரிய பிரேம்களுக்கு எடையும் முக்கியம். 24க்கு 30 இஞ்ச் அளவில் 2 மில்லிமீட்டர் கண்ணாடி 2.3 கிலோ வரும், அதே அக்ரிலிக் பாதிதான். அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும், தூசியை இழுக்கும். ஆனால் குழந்தைகள் ஓடும் வீட்டுக்கு அதுதான் சரி.

எந்தப் பிரிண்டுக்கு எந்தச் சட்டம், எந்த வெள்ளை என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பெரியப்பா ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த அரசு ஆலை. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோ காகிதமும் செய்தது, இப்போது மூடிக்கிடக்கிறது, அந்தப் பகுதியின் பெயர் மட்டும் இந்து நகர் என்று நிற்கிறது. பெரியப்பா வைத்திருந்த கருப்பு வெள்ளைப் படங்களைப் பிரேம் போட்டபோது, காகிதத்தின் வெள்ளை லேசான பால் நிறத்தில் இருப்பதைக் கவனித்தேன். அதற்குப் பளிச்சென்ற மவுண்ட் வைத்தால் படம் அழுக்காகத் தெரிந்தது. கொஞ்சம் மங்கிய வெள்ளை வைத்ததும் படம் எழுந்து நின்றது. இன்றைய லேப் பிரிண்ட் காகிதம் நேரெதிர். வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால் நீலம் கலந்த வெள்ளை. அதற்குக் கிரீம் நிற மவுண்ட் வைத்தால் படம் குளிர்ந்து வெளிறிப்போகும். கடையில் அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பிரிண்டின் வெள்ளை ஓரத்தை அட்டைமேல் வைத்து, கடை டியூப்லைட்டில் அல்ல, வாசலுக்கு எடுத்துவந்து பார்க்க வேண்டும். கலர் மவுண்ட் எனக்குப் பிடிக்காது. தேயிலைப் படத்துக்குப் பச்சை மவுண்ட் போட்டுத் தரட்டுமா என்று பாய் இன்றும் கேட்பார். தங்கச் சட்டம் சாமிக்கு இருக்கட்டும்.

மாட்டும் இடம். வெளிச்சுவர், குறிப்பாக மழை அடிக்கும் பக்கத்துச் சுவரும், சரிவில் மண்ணை ஒட்டிய சுவரும் வேண்டவே வேண்டாம். கையை வைத்துப் பார்த்தாலே குளிர்ச்சி தெரியும். நடுச்சுவரில் மாட்டுங்கள். கணப்புக்கு மேலே மாட்டுவது பங்களா காலத்து வழக்கம், படத்துக்கு அது தினசரி சூடும் குளிர்ச்சியுமாகச் சித்திரவதை. பிரேமின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போக இடம் கிடைக்கும். இரண்டு ரூபாய்ச் சாமான், கடையில் கேட்டால்தான் போடுவார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது. டிரில் போட்டு, பிளக் வைத்து, இரண்டு ஸ்க்ரூவில் மாட்டினால் கோணவும் கோணாது. துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடிமேல் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். தெளித்தால் கீழ் ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கிவிடும். பொங்கல் லீவில் எல்லாவற்றையும் கழற்றிப் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டுவது எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பதுபோல் ஒரு வேலையாகிவிட்டது.

செலவைப் பற்றிச் சொல்லாவிட்டால் முடியாது. நல்ல அட்டை 32க்கு 40 இஞ்ச் ஷீட்டாகத்தான் வரும். பில்லில் அதுதான் உறைக்கும், அதனால் அளவைக் கொஞ்சம் யோசித்து முடிவு செய்தால் பாதிக் காசு மிச்சம். கேமராப் படம் பெரும்பாலும் 2க்கு 3 விகிதம். ரெடிமேட் பிரேம்கள் 8க்கு 10, 12க்கு 15, 16க்கு 20 என்று வேறு விகிதம், படத்தின் தலையையோ வாலையோ வெட்டினால்தான் அதில் உட்காரும். அளவு கொடுத்துச் செய்வதன் முதல் லாபம் இந்த வெட்டு இல்லாமல் போவதுதான். 12க்கு 18 பிரிண்டுக்குச் சுற்றிலும் 3 இஞ்ச் விட்டால் அட்டை 18க்கு 24. ஒரு ஷீட்டில் இரண்டுதான் தேறும், ஜன்னலுக்கு ஒன்று, பின்னால் ஒன்று. ஆக ஒரு பிரேமுக்கு ஒரு ஷீட். 10க்கு 15 பிரிண்ட் போட்டு அட்டையை 16க்கு 20 என்று வைத்தால், ஷீட் நான்காக மிச்சமில்லாமல் பிரியும், இரண்டு பிரேம் முடிந்துவிடும். படுக்கைவாட்டுப் படமென்றால் பக்கவாட்டில் இரண்டரை இஞ்ச், மேலே இரண்டே முக்கால், கீழே மூன்றே கால் விடச் சொல்லுங்கள். கீழே கூடுதலாக இருந்தால்தான் படம் கீழே விழுவதுபோல் தெரியாது. ஜன்னலைப் படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் கால் இஞ்சுக்குள் சிறியதாக வெட்ட வேண்டும் என்பதை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். நாங்கள் இங்கே படம் எடுக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை அட்டையை மொத்தமாக வரவழைத்து, பாய் கடையிலேயே பரணில் படுக்க வைத்திருக்கிறோம். தனித்தனியாக வாங்கினால் கூரியரில் மூலை மடங்கி வருவதும், அதற்குத் தனிப் பேக்கிங் செலவும் கட்டுப்படியாகாது.